மூன்று புள்ளி இரண்டு

மதியம் இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. ஜெனித் கடல் மீன் தொட்டியிலிருந்து நாலு மில்லி தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விட்டாள். மருந்து நாலு சொட்டு விட்டதும் தண்ணீர் நீலமானது. இன்னொரு சிரிஞ்சிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி குப்பியைச் சுழற்றினாள். நீலம் கலைந்து ரோஜா நிறம் வந்த இடத்தில் கை நின்றது. எட்டு புள்ளி ஒன்று. தண்ணீரின் காரத்தன்மையான அந்த ஆல்கலினிட்டியை நோட்டில் எழுதினாள். அடுத்து கால்சியம், நானூற்று இருபது. பி.எச். எட்டு புள்ளி இரண்டு. உப்பும் சரியாக இருந்தது.

எழுதி முடிக்கவும் தொட்டிக்குப் பக்கத்து ஸ்டாண்டில் லேண்ட்லைன் அடித்தது.

"சொல்லு" என்றான் கணவன் ரெமிஜியஸ், ஷார்ஜாவிலிருந்து. அங்கே கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவன் ஆபரேட்டர்.

அவள் வாசித்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டான். "சுண்ணாம்புத் தண்ணி வழக்கம்போல ஊத்திடு. அந்தத் திருவாரூர் லெட்டருக்குப் பதில் போட்டியா?"

"இன்னும் இல்லங்க. திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"நான் வேணாம்னு சொல்லல. நீ போயிட்டா இத யாரு பாக்குறது? பவளம் ஒரு வேளை தாங்காது, உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாகக் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று நாலு வேளையும் அவள்தான் பார்த்து வருகிறாள்.

தஞ்சாவூர் பூக்காரத் தெருவுக்குப் பின்னாலிருந்த அந்த வீட்டுக்கு மின்சார ரீடிங் எடுக்க வருகிறவர்கூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகும் தொட்டி அது. நாலடி நீளம். உள்ளே காளான் மாதிரியும் கையுறை மாதிரியும் விரிந்த பவளங்கள், இரண்டு ஆரஞ்சு மீன், ஒரு நீல மீன், தொட்டியைத் துடைப்பதே வேலையாக இருந்த ஓர் இறால். 2009 விடுமுறையில் சென்னைக் கடையிலிருந்து பில்லோடு வாங்கி வந்து ரெமிஜியஸ் கட்டியது. அந்த 2012இல் தஞ்சாவூரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இருக்காது. தெரு முழுக்க மனிதர்கள் விசிறியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இந்த வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும் மீனுக்கு மோட்டார் ஓடும். "அடுத்த ஜென்மத்துல ஜெனித் வீட்டு மீனாப் பொறக்கணும்" என்று எதிர் வீட்டு அம்சம் சொல்லாத நாளில்லை.

ஜெனித் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு டியூஷன் சென்டருக்குக் கொஞ்ச நாள் போனாள். பிறகு தொட்டி வந்தது. "கெமிஸ்ட்ரி படிச்சவ நீ. உன்ன நம்பித்தான் இத இங்க வைக்கிறேன்" என்று அவன் சொன்னபோது அவளுக்குக் கழுத்துவரை சிவந்தது. மற்ற வளைகுடாப் புருஷன்மார் வாரத்துக்கு ஒரு தரம் போன் பண்ணிப் பணம் வந்ததா என்று கேட்பார்கள். இவளுடையவன் தினம் நாலு தடவை பேசினான், அதுவும் அவள் படித்த படிப்பில். குழந்தை இல்லாத, மாமனாரும் அவளும் மட்டுமே இருந்த வீட்டில் அந்த நாலு மணியடிப்புதான் அவளுக்குக் குடித்தனம்.

விலையும் கொடுத்திருந்தாள். பட்டுக்கோட்டையிலிருந்த அம்மா மரியபுஷ்பத்தைப் பார்க்கப் பத்து மணி சோதனையை முடித்துவிட்டுப் பத்தேகால் பஸ் பிடிப்பாள். பதினொன்றரைக்கு அங்கே. பன்னிரண்டேகாலுக்குத் திரும்ப பஸ். முக்கால் மணி நேரத்தில் அம்மா சோறு போடுவதா, பேசுவதா என்று திணறுவாள். "ராத்திரி தங்கிட்டுப் போனா உன் மீன் டைவர்ஸ் பண்ணிடுமாடி?" என்று ஒரு முறை கேட்டாள். 2010இல் அதே ஊர்க் கல்லூரியில் லேப் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை வந்தது. சொந்தக் காரணங்களால் சேர இயலவில்லை என்று எழுதிப் போட்டாள். இப்போது இரண்டாவது. திருவாரூரில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்பந்த கெமிஸ்ட். கிராமங்களிலிருந்து வரும் தண்ணீரை இதே மாதிரி சொட்டு விட்டுப் பார்க்கும் வேலை. ஜூன் பதினெட்டு, திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் சேர வேண்டும். வயது முப்பத்திரண்டு. மூன்றாவது ஆர்டர் வரும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனாலும் மறுப்புக் கடிதத்தில் 'ஐயா' வரை எழுதி வைத்திருந்தாள்.

புதன்கிழமை நாகப்பட்டினத்திலிருந்து சுஹைப் வந்தார். மாதம் ஒரு தரம் ஆம்னி வேனில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவருபவர். நாகையில் மீன் தொட்டிக் கடை. நாற்பது வயது, வாய் ஓயாது.

"மேட்டூரு இன்னும் தொறக்கல தங்கச்சி, தெரியுமா? வர்ற வழியில ஒரு வயல்ல பச்சை இல்ல. குறுவை போச்சு. இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவுலயே இன்னிக்குத் தண்ணி குறையாத ஒரே எடம் உங்க வீட்டு ஹால்தான்."

அவள் சிரித்துக்கொண்டே டீயைக் கொடுத்தாள். கேட்டிருந்த புதிய சோதனைப் பெட்டியை அவர் எடுத்து வைத்தார். இதற்குமுன் எல்லாம் ரெமிஜியஸ் ஷார்ஜாவிலிருந்து யாரிடமாவது கொடுத்துவிடுவான், வெறும் பாட்டில்களாக. செய்முறையை அவனே தமிழில் எழுதி அனுப்பியிருந்தான். இந்தத் தடவை வருகிற ஆள் யாரும் அகப்படவில்லை.

"போன டிசம்பர்ல நான் வந்தப்பதான ஷார்ஜாவுலேருந்து மருந்து வந்திருந்துச்சு? எங்கிட்ட வாங்குறவங்களுக்கு ஒரு பெட்டி ஒரு வருஷம் ஓடுமே" என்றார் சுஹைப்.

"நாலு வேளையும் பாக்கணும்ல அண்ணே."

"எது நாலு வேளை?"

அவள் நோட்டைக் காட்டினாள். சுஹைப் இரண்டு பக்கம் புரட்டினார். எட்டு, எட்டு புள்ளி ஒன்று, ஏழு புள்ளி ஒன்பது, எட்டு. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது ஐ.சி.யூ. பேஷண்ட்டா தங்கச்சி? புதுசா தொட்டி வச்சா ஒரு மாசம், ரெண்டு மாசம் தெனம் பாக்கணும். அதுகூட ஒரு வேளை. உங்க தொட்டி வச்சு மூணு வருஷம் ஆச்சு. இதுக்கு வாரத்துல ஒரு நாள் போதும். தெனம் செய்ய வேண்டியது, ஆவியான அளவுக்கு நல்ல தண்ணி ஊத்துறது, சுண்ணாம்புத் தண்ணி விடுறது. அதுக்கு அஞ்சு நிமிஷம். காரைக்கால்ல ஒரு டாக்டர் வச்சிருக்காரு, உங்களத விடப் பெருசு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாப்பாரு. நடுவுல பத்து நாள் ஊட்டிக்கும் போவாரு."

"இவரு ஆலையில வேலை பாக்குறவரு அண்ணே. அங்க அப்படித்தான் பாப்பாங்களாம்."

"அங்க ஊரே குடிக்கும். இங்க நாலு மீன்" என்றார் சுஹைப். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார். "செய்யிறவங்க செய்யலாம். தப்பு ஒண்ணுமில்ல."

அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தாள். நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் எளிய வரி. நிலைபெற்ற தொட்டிக்கு வாரம் ஒரு முறை. இரண்டு தடவை படித்தாள்.

அவனுக்காக அவளே வாதாடினாள். ஆலையில் ஷிப்ட் ஷிப்டாக லாக் ஷீட் எழுதுவதைப் பற்றி அவன் நிறையச் சொல்லியிருக்கிறான். எங்கேயோ பழகிய கை வீட்டிலும் அதையே செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் போன விடுமுறையில் இரண்டு பேருமாக வேளாங்கண்ணிக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கினார்கள். கிளம்பும்போது, தொட்டி என்று அவள்தான் பதறினாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, வா" என்றான் அவன். வந்து பார்த்தபோது ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அப்போது அது அவன் கைராசி என்று தோன்றியது.

வியாழக்கிழமை மதியம் எட்டு புள்ளி பூஜ்யம் வந்தது. நோட்டில் அப்படியே எழுதினாள். போன் அடித்தது.

"ஆல்கலினிட்டி மூணு புள்ளி ரெண்டு" என்றாள்.

தொட்டி வைத்திருப்பவன் யாரானாலும் அந்த எண்ணைக் கேட்டால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடி வருவான். மூன்று புள்ளி இரண்டு என்றால் பவளம் சதை உரிந்து எலும்பாக நிற்கிற நேரம்.

"ம். கால்சியம்?"

"நூத்தி எம்பது."

"சரி, நல்லது. சுண்ணாம்புத் தண்ணி வழக்கம்போல. சாப்டியா? காலையில பத்தேகாலுக்கு அடிச்சேன், ரிங் போயிட்டே இருந்துச்சு?"

"பின்னாடி துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன்."

"ஓ. மத்தியானம் வெளிய எங்கயும் போகலையே?"

லைன் சரியில்லையோ, ஆலைச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று ஒரு நாள் அவகாசம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் குரல் அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரித் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"பி.எச். நாலு."

தக்காளியைப் பிழிந்தால் வருகிற புளிப்பு.

"ம்."

"உப்பு பூஜ்யம். உப்பே இல்லங்க."

"சரி. பின்னாடி என்ன சத்தம்? யாரு வந்திருக்கா?"

"அம்சம் அக்கா. கொத்தமல்லி வாங்க வந்தாங்க."

"சரி சரி. வச்சுடவா?"

ரிசீவரை வைத்தாள். கொத்தமல்லியோடு நின்ற அம்சம், "என்னடி, உப்பு இல்லையா? கடைக்குப் போறேன், வாங்கியாரவா?" என்றாள்.

தொட்டியை வைத்த அன்று அவன் செய்த முதல் வேலை போன் ஸ்டாண்டை அதன் பக்கத்துக்கு நகர்த்தியது. ஜெனித்திடம் செல்போன் இருந்தது. அதற்கு அவன் ஒரு நாளும் அடித்ததில்லை. லேண்ட்லைன்தான் தெளிவாகக் கேட்கும் என்பான். செல்போனை பஸ்ஸிலிருந்தும் எடுக்கலாம். இந்தப் போனை இந்த ஹாலில் நின்றால்தான் எடுக்க முடியும். அவள் தினம் வாசித்ததில் அவன் காதில் ஏறியது அவள் வீட்டில் இருக்கிறாள் என்பது ஒன்றுதான். அதற்கு ஆல்கலினிட்டி எதற்கு? பள்ளிக்கூடத்தில் சொல்வது மாதிரி 'உள்ளேன் ஐயா' போதும்.

அப்போதும் மனசின் ஒரு மூலை நம்ப மறுத்தது. சனிக்கிழமை மதியம் கரண்ட் போயிருந்தபோது மாமனார் குழந்தைராஜ் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டுப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவளிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை.

"மாமா, இத நாலு வேளை பாக்கணும்னு உங்க புள்ள வச்சாரே, அது உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாம? யோசனையே என்னோடதுதானம்மா."

"உங்களோடதா?"

விசிறுவதை நிறுத்திவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே மூன்று வருஷம் காத்திருந்த விஷயம் போலிருந்தது.

"நன்னிலத்துல நம்ம வீட்ல ரெண்டு கறவை மாடு நின்னுச்சு. உங்க அத்தை முப்பத்தோரு வருஷம் ஒரு ராத்திரி வெளிய தங்கினதில்ல. அவ அண்ணன் கல்யாணத்துல தாலி கட்டின கையோட பஸ் ஏறிட்டா. கறக்கணும்ல? நான் மாசத்துல பாதி நாள் கேம்ப். ஒரு சந்தேகம் கிடையாது, ஒரு சண்டை கிடையாது. இவன் என்னன்னா, உன்ன கட்டின புதுசுல அர்த்த ராத்திரில எனக்குப் போன் போடுவான். 'அப்பா, ஜெனித் இருக்காளா?' நீ டியூஷன் முடிச்சு வர்றதுக்குள்ள நாலு போன். தூங்காம துரும்பா இளைச்சுட்டான். டேய், டவுன்ல மாடு கட்ட முடியாது, அந்த மாதிரி ஏதாச்சும் வாங்கி விடுறான்னேன். படிச்ச பொண்ணு, அதுக்கேத்த மாடா இருக்கட்டும்னு அவன் இத வாங்கினான்." சிரித்தார். "மூளைக்காரன். அப்புறம் உங்களுக்குள்ள ஒரு சத்தம் உண்டா, சொல்லு?"

அவருடைய முகத்தில் ஒளிவுமறைவே இல்லை. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிக் கொடுத்த திருப்தியோடு மறுபடி விசிற ஆரம்பித்தார்.

ஜெனித் சமையலறைக்குப் போனாள். அடுப்பில் பால் கிண்ணம் இருந்தது. பற்ற வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தேகப்பட்டிருந்தால் சந்தேகம் என்று சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். போகாதே என்றிருக்கலாம். அழுதிருப்பாள், திட்டியிருப்பாள், ஒரு வேளை போகாமலே இருந்திருப்பாள். அவளுக்குள் இருந்த ஒரே பெருமையை எடுத்து அதையே கயிறாகத் திரித்திருந்தார்கள். அந்தக் கயிறு கட்டிய முளைக்குச்சியை ஆசை ஆசையாகத் தினம் நாலு தடவை துடைத்து வைத்தது அவளுடைய கைதான்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. அன்று காலையிலிருந்தே அவள் தண்ணீர் எடுக்கவில்லை.

"சொல்லு."

"திங்கக்கிழமை திருவாரூர்ல சேரப் போறேன்."

"வெளையாடறியா? தொட்டி?"

"வாரத்துக்கு ஒரு நாள் பாத்தா போதுமாம்."

"யாரு சொன்னா? சுஹைபா?"

யார் சொன்னது என்பதுதான் அவனுக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது.

"நேத்து சாயங்காலம் பி.எச். எவ்வளவு சொன்னேன்?"

"எட்டு... எட்டு புள்ளி ரெண்டு."

"நாலுன்னேன். உப்பு பூஜ்யம்னேன். முந்தா நாள் ஆல்கலினிட்டி மூணு புள்ளி ரெண்டுன்னேன். நல்லதுன்னீங்க."

"டூட்டி டென்ஷன்ல... ஜெனித், இத பாரு..."

"நான் சொன்னத ஒரு நாளாவது எழுதி வச்சீங்களா? மூணு வருஷத்துல ஒரு நாள்?"

"நீதான ஆசையா செஞ்ச?" என்றான். "நான் ஒரு நாளாவது உன்ன அதட்டியிருக்கனா? நீ சந்தோஷமா இருந்தியே. நான் இங்க ரூம்ல எட்டு பேரோட படுத்துக் கெடக்கேன். அவனவன் பொண்டாட்டிய பத்தி என்னென்னமோ பேசுறானுங்க. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அதில் பொய் ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதனால்தான் தாங்க முடியாமலிருந்தது.

"இருக்கு. அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்று போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் ஒரே ஒரு தடவை சோதனை செய்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு வேளைகூடத் தாங்காது என்று சொல்லப்பட்ட பவளங்கள் ஐந்து வேளையை விட்டும் வழக்கம்போல விரிந்து நின்றன. அவற்றின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. 'ஐயா' என்று நின்றிருந்த கடிதத்தைக் கிழித்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மாமனாரைக் கூப்பிட்டுத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு டேப்பைக் காட்டினாள்.

"மாமா, தினம் காலையில தண்ணி இந்தக் கோடு வரைக்கும் இருக்கணும். கொறஞ்சா இந்தக் கேன்லேருந்து ஊத்துங்க. சுண்ணாம்புத் தண்ணி இந்த டம்ளரால ஒண்ணு, மெதுவா. மத்தத நான் ஞாயித்துக்கிழமை பாத்துக்குறேன்."

"நானா? நான் வியாழக்கிழமை நன்னிலம் போறேன்மா. மூணு நாள். செபஸ்தியான் வீட்டு விசேஷம்."

"போயிட்டு கறக்குற நேரத்துக்கு வந்துடுங்க மாமா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மணி ஆறு. போன் அடிக்க ஆரம்பித்தது. அவர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கேட்டைத் திறந்து தெருவுக்கு வரும்வரை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் குரல் கேட்டது. "அவ இல்லடா. கெளம்பிட்டா. நான் என்ன பண்றது? கோடு காட்டிட்டுப் போயிட்டா."

திருவாரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மாபேட்டை தாண்டியும் இரண்டு பக்கமும் வயல்கள் வெடித்துக் கிடந்தன. வாய்க்கால் மதகில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த கல்லூரி ஆர்டரின் காகிதம் எந்த நிறம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. அதற்கு எழுதிய மறுப்புக் கடிதம் வரி வரியாக நினைவிருந்தது. பட்டுக்கோட்டையில் அம்மாவோடு கழித்த முக்கால் மணி நேரங்களைக் கூட்ட முயன்று பாதியில் விட்டாள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது பையில் செல்போன் அடித்தது. ஷார்ஜா நம்பர். முதல் தடவையாக இந்தப் போனுக்கு.

எடுத்தாள்.

"எங்க இருக்க?" என்றான் ரெமிஜியஸ்.

தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. தூக்கமில்லாத குரல். கெஞ்சலா அதட்டலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்வியை அவன் இவ்வளவு நேராகக் கேட்டு அவள் கேட்டதேயில்லை.

"நீடாமங்கலம். கேட்டுல நிக்கிது" என்றாள். "பதினொண்ணுக்குள்ள கையெழுத்துப் போடணும். சாயங்காலம் ஏழாயிடும் வர்றதுக்கு."

"ஜெனித்..."

சரக்கு ரயில் வந்துவிட்டது. அவன் என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. ரயில் போய்க் கேட் தூக்கும்போது லைன் கட்டாகியிருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். ஜெனித் செல்போனைப் பைக்குள் போட்டு, ஆர்டர் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.